சிரித்த பொம்மைகளைக் கழித்த காலம்

உங்கள் கம்பெனிக்குப் போன வாரம் கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் வந்து வகுப்பு எடுத்தாராம். "குறை என்று ஒன்றும் இல்லை, எல்லாமே வாய்ப்புதான்" என்று திரையில் படம் போட்டுக் காட்டினாராம். நீங்கள் எழுந்து நின்று கைதட்டினீர்களாம். அந்த மனிதர் ஆயுளில் ஒரு தடவையாவது மோல்டிங் மெஷின் பக்கத்தில் வேர்வை வடிய நின்றிருப்பாரா என்று உங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் கைதட்டல் கொஞ்சம் குறைந்திருக்கும்.

நானும் குறையைக் கொண்டாடிய ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவள்தான். அந்தக் கொண்டாட்டம் எப்படி நடந்தது, எப்படி முடிந்தது என்று சொல்கிறேன். கைதட்டுவதா வேண்டாமா என்று கடைசியில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஓசூரில் தினம் ஒரு ஷெட் முளைத்துக்கொண்டிருந்த நேரம். நான் உத்தனப்பள்ளிக்காரி. பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். பிளாஸ்டிக் பொம்மை செய்யும் கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் எடுத்தார்கள், சேர்ந்தேன். இப்படிப் பேசக் கூப்பிடுகிற இடங்களில் எல்லோரும் தங்களை உருவாக்கிய ஒரு பெயர் தெரியாத குருநாதரைப் பற்றிச் சொல்லிக் கண்கலங்குவார்கள். எனக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை. எனக்கு வாய்த்தவர் ஒர்க்ஸ் மேனேஜர். சட்டைப் பையில் நாலு பேனா வைத்திருப்பார். ஒன்றாலும் எழுதி நான் பார்த்ததில்லை.

நாங்கள் செய்தது ஒரே ஒரு பொம்மை. முழங்கை நீளத்தில், கையைக் காலை நீட்டிக்கொண்டு சிரிக்கிற குழந்தை. உருகிய பிளாஸ்டிக் குழாயை மோல்டின் இரண்டு பாதிக்கும் நடுவில் பிடித்து, உள்ளே காற்றை ஊதினால் பொம்மை வரும். உள்ளே வெறும் கூடு. உச்சந்தலையிலும் கால்களுக்கு நடுவிலும் குழாய் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டைத்தான் ஜாயிண்ட் என்போம். உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கைதட்டுகிறவர்களுக்கு எதையும் ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது.

மெஷினை ஓட்டியவன் முனிராஜு. தளிக்காரன். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், எங்களோடு தமிழ், மெஷினோடு மூன்றும் கலந்த கெட்ட வார்த்தை. வாய் ஓயாது. ஒருநாள் அவன் அனுப்பிய பொம்மைகளில் சிலவற்றின் வாய் கோணலாக இருந்தது. மோல்டில் வாயோரம் காற்று வெளியேறுகிற சின்னத் துளை அடைத்துக்கொண்டிருந்தது. அதனால் உதட்டின் ஒரு முனை மேலே ஏறாமல் கீழே தொங்கிவிட்டது. சிரிக்க வேண்டிய குழந்தை, யாரோ மிட்டாயைப் பிடுங்கிவிட்ட மாதிரி, இதோ அழப்போகிறேன் என்று நின்றது.

"என்ன முனிராஜு இது?" என்றேன்.

"நம்ம மேனேஜரப் பாத்துட்டே பொறந்துருச்சுக்கா."

சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் ரிஜெக்ட் பெட்டியில் போட்டேன். அது என் வேலை.

ரிஜெக்டை அரைத்துத் திரும்ப மெஷினில் போட வேண்டும். ஆனால் எங்கள் மேனேஜர் அதில் கொஞ்சத்தை வெளியே தள்ளிவிடுவார். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஃபேன்ஸி கடை வைத்திருந்த ஒரு பாய் வந்து நல்ல சரக்கோடு இதையும் மொத்தமாக அள்ளிக்கொண்டு போவார். சந்தைகளிலும் திருவிழாக்களிலும் துணி விரித்து விற்பதற்கு. அடுத்த தடவை வந்தபோது பாய் நல்ல சரக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்த அழுமூஞ்சிப் பாப்பா இருக்குதாம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

"அது டேமேஜ் பாய்."

"டேமேஜோ என்னவோ. பிள்ளைங்க அதைத்தான் கேக்குதுங்க. சிரிக்கிறது அப்படியே கெடக்குது."

நான் நம்பவில்லை. வாங்குகிறவர்களுக்குக் கண் இல்லை என்றுதான் நினைத்தேன். இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறவர்களுக்கு இந்தத் திமிர் சீக்கிரம் வந்துவிடும், உங்களுக்கும் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குக் கிருஷ்ணகிரி போனபோது பாய் கடையில் போய் நின்றேன். வாசலில் பொம்மைகளைக் குவித்திருந்தார். ஒரு பெண் குழந்தை குவியலைக் கிளறி ஒரு அழுமூஞ்சியை எடுத்தது. அதன் அம்மா வாங்கிப் பார்த்தாள்.

"இது வாய் கோணிக்கினு இருக்குது. நல்லதா ஒண்ணு எடுடி."

"அது அழுவுதும்மா."

"அதான் சொல்றேன். சிரிக்கிறத எடு."

"சிரிக்கிறது இங்கியே இருக்கட்டும். இதை வுட்டுட்டுப் போனா இன்னும் அழுவும்."

 பொம்மையைத் தோளில் சாய்த்து முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டே அந்தப் பிள்ளை பஸ் ஏறியது. சிரிக்கிற பொம்மைக்கு யாருடைய தயவும் வேண்டாம். அழப்போகிற பொம்மையை யாராவது தூக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். நாலு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. இதை நான் ஒப்புக்கொள்கிறேன்: அந்தக் கோணல் வாய் யாரையும் கடிக்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. அது விற்றதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இதோடு நின்றிருந்தால் இன்று நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் சரக்கு போகிறது என்று தெரிந்ததும் எங்கள் மேனேஜருக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. அதுவரை அவரைக் காப்பாற்றி வந்ததே அது வேலை செய்யாமல் இருந்ததுதான்.

முதலில் அவர் செய்தது, சிரிக்கிற பொம்மையின் கண்ணுக்குக் கீழே நீலப் பெயின்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் வரையச் சொன்னது. வாய் சிரிக்கிறது, கண் அழுகிறது. சினிமாவில் தங்கையைக் கட்டிக்கொடுக்கிற அண்ணன் மாதிரி இருந்தது. பாய் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நடிக்குது சார்" என்று வைத்துவிட்டுப் போனார்.

அடுத்து மேனேஜர் முனிராஜுவைக் கூப்பிட்டார். வருகிற பொம்மை அத்தனையும் வாய் கோணலாக வர வேண்டும் என்றார். துளைகளை மெழுகு வைத்து அடைத்துப் பார்த்தார்கள். சிலது வந்தது, சிலது வரவில்லை. குறைக்கு ஒரு குணம் உண்டு. வராதே என்றால் வரும். வா என்று வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால் வராது. முனிராஜு மெஷின் முன்னால் நின்று, "அழுடா, அழுது தொலைடா" என்று மூன்று மொழியிலும் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

அப்போது என் வேலை என்ன தெரியுமா? கன்வேயர் பக்கத்தில் நின்று, சிரிக்கிற பொம்மைகளைப் பொறுக்கி அரவை மெஷினில் போடுவது. நன்றாகச் செய்த பொம்மை, மழுங்கல் இல்லை, பிசிறு இல்லை, ஒரு குற்றமும் சொல்ல முடியாதது, சிரித்த பாவத்துக்காக அரைபட்டது. கோணல் வாய்ப் பொம்மைக்கு ஓகே ஸ்டிக்கர் ஒட்டினேன். வீட்டுக்குப் போய்ச் சொன்னால் அம்மா நம்பவில்லை. "படிச்சவங்கதான இருக்கீங்க அங்க?" என்று கேட்டாள்.

என்றாவது "இது சரியில்லை சார்" என்று ஒன்றை எடுத்துக்கொண்டு போனால் மேனேஜருக்குச் சிரிப்பு. "நீதானம்மா அழுமூஞ்சியையும் சரியில்லன்னு சொன்ன? நீ ரிஜெக்ட் பண்ணதுதான் இன்னிக்கு கம்பெனிய நடத்துது. உன் பேச்சைக் கேட்டிருந்தா ஷெட்டை இழுத்து மூடியிருக்கணும்." எல்லோர் முன்னாலும் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். அந்தக் கோணல் வாய் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது இதைத்தான். ஒரு தடவை குறை லாபமாகிவிட்டால், அதற்குப் பிறகு குறை என்கிற சொல்லுக்கே அந்த இடத்தில் மரியாதை இருக்காது. உங்கள் கழுத்துப்பட்டைக்காரர் இந்தப் படத்தைத் திரையில் காட்டியிருக்கமாட்டார்.

திருவிழா சீசன் நெருங்கியது. பெரிய ஆர்டர். எல்லாம் அழுமூஞ்சியாகவே வேண்டும். மேனேஜர் ஒரு வழி கண்டுபிடித்தார்: மெஷினில் சூட்டையும் குறைத்து, காற்றையும் குறைத்து ஓட்டுவது. பிளாஸ்டிக் மோல்டின் ஓரங்களுக்குப் போய்ச் சேர்வதற்குள் இறுகிவிடும். அத்தனை வாயும் தொங்கும். முனிராஜு, "ஜாயிண்ட் ஒட்டுமா சார்?" என்று கேட்டான். "சொன்னதைச் செய்" என்றார். அவன் செய்தான். அத்தனை வாயும் தொங்கியது. மேனேஜர் ஷெட் முழுக்க மிட்டாய் கொடுத்தார்.

மிட்டாய் தின்றுகொண்டிருக்கும்போதே பேக்கிங் பக்கமிருந்து சரோஜா, "ஐயோ!" என்று கத்தினாள். ஓடிப்போனேன். பொம்மையின் தலையைப் பிடித்துப் பெட்டிக்குள் அழுத்தியிருக்கிறாள். உச்சந்தலை ஜாயிண்ட் கொக்கு வாயைத் திறந்த மாதிரி பிளந்து, அவள் கையை விட்டதும் மூடிக்கொண்டிருக்கிறது. விரல் சதை நடுவில் மாட்டிக்கொண்டது. பிரித்து எடுத்தபோது ரத்தம் சொட்டியது. சூடு பற்றாமல் ஒட்டியதால் விளிம்பு பிளேடு மாதிரி இருந்தது.

நான் வரிசையாக எடுத்து ஒவ்வொன்றையும் உச்சந்தலையில் அழுத்திப் பார்த்தேன். பல பொம்மைகள் பிளந்தன. பொம்மையைக் கையில் கொடுத்தால் குழந்தை முதலில் என்ன செய்யும்? தலையை வாயில் வைத்துக் கடிக்கும். சரோஜாவின் விரல் வளர்ந்த விரல். குழந்தையின் உதடும் நாக்கும் என்ன ஆகும்?

மேனேஜரிடம் காட்டினேன். "பேக்கிங் பொண்ணுங்க அப்படி அமுக்கினா எதுதான் தாங்கும்?" என்றார். "நான் ஸ்டிக்கர் ஒட்டமாட்டேன்" என்றேன். "ஸ்டிக்கர் ஒட்ட நீதான் வேணுமா?" என்று, ஸ்டிக்கர் ரோலை என் கையிலிருந்து பிடுங்கி வாட்ச்மேனிடம் கொடுத்தார். வாட்ச்மேன் பாவம், பயபக்தியோடு ஒட்ட ஆரம்பித்தார். தபால்தலை ஒட்டுகிற மாதிரி எச்சில் தொட்டு.

அன்று முதலாளி வந்திருந்தார். பெங்களூரில் வீடு. வாரத்துக்கு ஒருநாள் வருவார். புது லாட் வந்தால் அதிலிருந்து ஒரு பொம்மையைப் பேத்திக்கு என்று எடுத்துக்கொண்டு போவது அவர் வழக்கம். காரின் பின்கண்ணாடி வழியாக அது தெரிய, வாட்ச்மேன் சல்யூட் அடிப்பார். நான் நேராக அவர் அறைக்குப் போனேன். பின்னாலேயே மேனேஜர்.

"என்னம்மா, லோடு நிக்குதுன்னு சொல்றாங்க?"

மேசைமேல் ஒரு பொம்மையை வைத்தேன். "உச்சியில அமுக்கிப் பாருங்க சார்."

அமுக்கினார். பிளந்தது. விரலை எடுத்தார். மூடிக்கொண்டது. அந்த விளிம்பை விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

மேனேஜர் சொன்னார்: "எல்லாமே இப்படி இல்ல சார். அந்தம்மா முன்னாடியும் இப்படித்தான். அழுமூஞ்சிய வேண்டாம்னு சொன்னவங்கதான் இவங்க."

முதலாளி பொம்மையை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "ஆர்டர் எடுத்தாச்சும்மா. இந்த லோடு போவட்டும். அடுத்த லாட்ல சரி பண்ணிக்கலாம்" என்றார்.

"சரிங்க சார். வீட்ல பாப்பாவுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போங்க" என்று பொம்மையை அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் என்னைப் பார்த்தார். பொம்மையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னிக்கு வேற எடத்துக்குப் போவணும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். பொம்மை மேசைமேலேயே கிடந்தது. கார் கிளம்பிற்று. லாரியில் பெட்டி ஏறிற்று.

நான் அன்று சாயங்காலமே கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறினேன். சூளகிரி தாண்டும்வரை எனக்குள் ஒரே சண்டை. கம்பெனி விஷயத்தை வெளியே சொல்கிறவளுக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். வேலை போய்விட்டால் வீட்டில் என்ன பேசுவார்கள் என்றும் தெரியும். ஆனால் முதலாளி கண்ணாடியைத் துடைத்தது திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வந்தது. அவர் விரலுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டேதான் அனுப்பினார். தெரியாமல் செய்கிறவனிடம் பேசலாம். தெரிந்து செய்கிறவனிடம் என்ன பேசுவது?

பாய் கடையை மூடிக்கொண்டிருந்தார். கையோடு கொண்டுபோன பொம்மையை அழுத்திக் காட்டினேன். அவர் அதை வாங்கி இரண்டு தடவை பிளந்து பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"உங்களுக்கு இதனால கஷ்டம் வராதாம்மா?"

"வரும் பாய்."

"நான் வித்தது அதோட மூஞ்சியத்தான். கத்திய இல்ல" என்றார். பிறகு உள்ளே பார்த்து மகன்களைக் கூப்பிட்டார். மறுநாள் லாரி வந்ததும் கடை வாசலில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து, வீட்டுப் பெண்கள் உட்பட எல்லோருமாக ஒவ்வொரு பொம்மையின் உச்சந்தலையையும் அழுத்திப் பார்த்திருக்கிறார்கள். பிளந்ததை எல்லாம் அதே லாரியில் திருப்பி அனுப்பினார். லோடில் ஒரு பாதிதான் அவருக்கு வந்தது. மறுபாதி சேலம் பக்கம் யாருக்கோ போனது. யார், எந்த ஊர் என்று மேனேஜர் கடைசிவரை சொல்லவில்லை. அந்தப் பொம்மைகள் என்ன ஆயின என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேயே இத்தனை வருஷம் போய்விட்டது. குறையைக் கொண்டாடுகிறவர்களிடம் அந்தக் கணக்கையும் சொல்லிக்கொடுக்கும்படி கேளுங்கள்.

திரும்பி வந்த பெட்டிகளைப் பார்த்ததும் முதலாளி பெங்களூரிலிருந்து ஓடி வந்தார். என்னைக் கூப்பிட்டார். மேனேஜர் பக்கத்தில் நாலு பேனாவோடு நின்றார்.

"யார் சொல்லிம்மா கிருஷ்ணகிரி போன?"

"நீங்கதான் சார் சொன்னீங்க. அன்னிக்குப் பாப்பாவுக்கு எடுத்துட்டுப் போவலையே."

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. என்னைத் திட்டுவார், வெளியே அனுப்புவார் என்று நினைத்தேன். அவர் அப்படிச் செய்யவில்லை. அதற்கும் ஒரு நேர்மை வேண்டுமே. பதிலாக முனிராஜுவை வேலையிலிருந்து எடுத்துவிட்டார். மெஷினைச் சரியாக ஓட்டவில்லை என்று. சூட்டைக் குறைக்கச் சொன்னது மேனேஜர் என்று நான் கத்தினேன். முதலாளி அமைதியாகச் சொன்னார்: "யாரு மேலயாவது போடணும்மா. பாய்க்குப் பதில் சொல்லணும்ல. இனிமே நீ பாத்து ஓகே சொன்னாத்தான் லோடு ஏறும். சந்தோஷமா?"

எனக்குக் கிடைத்த பதவி உயர்வு அது. முனிராஜு தலைமேல் ஏறி நின்று வாங்கிக்கொள்ள வேண்டிய பதவி. மேனேஜர் பல்லைக் காட்டிக்கொண்டு ஸ்டிக்கர் ரோலை என்னிடம் நீட்டினார். ரோலின் ஓரத்தில் வாட்ச்மேன் எச்சில் காய்ந்து ஒட்டியிருந்தது. அதை முதலாளி மேசையிலேயே வைத்துவிட்டு என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நான் பெரிய வீராங்கனை என்று நினைக்காதீர்கள். கேட்டைத் தாண்டியதும் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். முனிராஜு டீக்கடையில் நின்றிருந்தான்.

"உன்னையும் எடுத்துட்டாங்களாக்கா?"

"நானே வந்துட்டேன்."

"பைத்தியம்" என்றான். பிறகு இரண்டு டீ சொன்னான்.

ஊர் சுற்றி விசாரித்ததில் வண்டிகளுக்குப் பிளாஸ்டிக் மூடிகள் செய்கிற ஒரு கம்பெனியில் ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். நேர்காணல் செய்தவர் பொறுமையான மனிதர். என் படிப்பை, முனிராஜுவின் கையிலிருந்த தீக்காயத் தழும்புகளை எல்லாம் பார்த்தார். இந்த இடத்தில் எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"பழைய கம்பெனியை ஏன் விட்டீங்க?"

நான் நல்லதாக ஏதாவது சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். முனிராஜு முந்திக்கொண்டான்.

"டிஃபெக்ட் சரியா வரலன்னு அனுப்பிட்டாங்க சார்."

அவர் அவனைப் பார்த்தார். விளையாடுகிறானோ என்று என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க சார்" என்றேன்.